லைசென்ஸ் சர்வர் யாருக்கு எதைக் கொடுக்கிறது? ஒதுக்கீடு பற்றிய எளிய விளக்கம்

"லைசென்ஸ் தீர்ந்துபோச்சு." "நம்ம டீமுக்கு ஆறு ஒதுக்கியிருக்காங்க, அதை அந்த டீம்காரங்க எடுத்துட்டாங்க." "சர்வர்ல ஏதோ பிரச்சினை, ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

பொறியியல் மென்பொருள் ஓடும் அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இந்த மூன்று பேச்சும் அடிக்கடி காதில் விழும். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆனால் பேசும்போது மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கடைசியில் ஒரு குழு இன்னொரு குழுமேல் வருத்தப்படும்; அல்லது நிர்வாகம் தேவையே இல்லாமல் இன்னும் நான்கு லைசென்ஸ் வாங்கும். ஒரு லைசென்ஸ் சில லட்ச ரூபாய் விலை போகும் துறை இது. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

லைசென்ஸ் சர்வர்களில் பல வகை உண்டு. பரவலாக இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஃப்ளெக்ஸ்நெட் பப்ளிஷர். 1980களின் இறுதியில் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் தொடங்கியது. பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். மேட்லேப், ஆன்சிஸ் போன்ற மென்பொருள்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. மற்ற சர்வர்களில் கட்டளைகளின் பெயர் மாறலாம். அடிப்படை யோசனை பெரும்பாலும் இதேதான்.

சர்வரிடம் இருப்பது ஒரு கணக்கு

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். லைசென்ஸ் சர்வரில் மென்பொருள் இல்லை. மென்பொருள் உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்கிறது. நூறு கணினிகளில்கூட நிறுவிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறந்து வேலை செய்யலாம் என்பதற்குத்தான் வரம்பு. இப்படி ஆளுக்கு ஆள் கைமாறும் லைசென்ஸுக்கு ஃப்ளோட்டிங் லைசென்ஸ் என்று பெயர்.

சர்வர் செய்வது கணக்குப் பார்க்கும் வேலை. மொத்தம் 20, இப்போது 13 பேர் உள்ளே இருக்கிறார்கள், பதினான்காவது ஆள் கேட்கிறார், கொடுக்கலாம். ஒருவர் மென்பொருளை மூடினால் கணக்கில் ஒன்று குறையும். கேட்டு வாங்குவதை 'செக்அவுட்' என்றும், திருப்புவதை 'செக்இன்' என்றும் சொல்வார்கள். 

ஒரு மென்பொருளுக்கு ஒரே கணக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. மென்பொருளின் தனித்தனிப் பகுதிகளுக்குத் தனித்தனி எண்ணிக்கை இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் 'ஃபீச்சர்' என்று பெயர். மேட்லேப்பை எடுத்துக்கொண்டால், அடிப்படை மென்பொருள் ஒரு ஃபீச்சர். அதனோடு சேர்க்கும் ஒவ்வொரு டூல்பாக்ஸும், அதாவது கூடுதல் துணைத் தொகுப்பும், தனி ஃபீச்சர். ஒரு டூல்பாக்ஸின் ஃபங்ஷனை ஒரே ஒரு முறை அழைத்தாலும் அதன் லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வந்துவிடும். நீங்கள் மேட்லேப்பை மூடும்வரை திரும்பாது. காலையில் சும்மா ஒரு கட்டளையைச் சோதித்துப் பார்த்தவர், அது தெரியாமலே மாலைவரை ஒரு லைசென்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பது இப்படித்தான்.

கதவில் ஒருவர், கணக்கில் ஒருவர்

சர்வர் கணினியில் இரண்டு நிரல்கள் ஓடுகின்றன. ஒன்று எல்எம்ஜிஆர்டி. வருபவரை வரவேற்று, உங்களுக்கு வேண்டிய மென்பொருளின் கணக்காளர் இந்த போர்ட்டில் இருக்கிறார் என்று அனுப்பிவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் கணக்காளர்தான் இரண்டாவது நிரல், 'வெண்டார் டீமன்'. மென்பொருளை விற்ற நிறுவனம் தருவது அது. எண்ணுவது, கொடுப்பது, மறுப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

எத்தனை லைசென்ஸ், எந்தத் தேதிவரை, எந்தச் சர்வர் கணினியில் மட்டும் செல்லும் என்ற விவரம் 'லைசென்ஸ் கோப்பில்' இருக்கிறது. விற்பனையாளரின் டிஜிட்டல் கையெழுத்து அதில் இருப்பதால் 20 என்பதை 30 ஆக்கினால் அந்த வரி செல்லாது. இதற்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பு இருக்கலாம்: 'ஆப்ஷன்ஸ் கோப்பு'. இது முழுக்க உங்கள் நிர்வாகி எழுதுவது. இருக்கும் 20-ஐ யார் யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பது இந்தக் கோப்பில்தான் முடிவாகிறது.

இதுவரை பார்த்தது: எவ்வளவு என்பதை விற்பனையாளர் முடிவு செய்கிறார், லைசென்ஸ் கோப்பில். யாருக்கு என்பதை உங்கள் நிர்வாகி முடிவு செய்கிறார், ஆப்ஷன்ஸ் கோப்பில். அந்த இரண்டாவது கோப்பு இல்லாவிட்டால் ஒரே விதிதான்: முதலில் கேட்டவருக்கு முதலில்.

ரயில் கோட்டாவும் லைசென்ஸ் ஒதுக்கீடும்

ரயில் டிக்கெட் எடுத்த அனைவருக்கும் கோட்டா தெரியும். ஒரு வண்டியின் படுக்கைகளில் பெண்களுக்கு இத்தனை, தட்கலுக்கு இத்தனை என்று முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுவார்கள். மிச்சம் பொது. பொதுவில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனாலும், கோட்டா படுக்கை காலியாகவே காட்டும். லைசென்ஸ் சர்வரிலும் இதற்கு நிகரான கட்டளை உண்டு. அதன் பெயர் ரிசர்வ்.

ஒரு முக்கிய இடத்தில் இந்த ஒப்புமை உடைகிறது. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். ரயிலில் சார்ட் தயாராகும்போது நிரம்பாத கோட்டா இடங்கள் காத்திருப்போருக்குப் போய்விடும். லைசென்ஸ் சர்வரில் சார்ட் தயாராகும் நேரம் என்று ஒன்று கிடையாது. ரிசர்வ் செய்த லைசென்ஸை யாரும் தொடாவிட்டாலும், நள்ளிரவானாலும், அந்தக் குழுவே ஒரு வாரம் விடுமுறையில் போனாலும், அது அந்தக் குழுவுக்கு மட்டும்தான். காத்திருப்போர் பட்டியலும் பெரும்பாலும் கிடையாது. வரிசையில் நிற்க வைக்கும் வசதி சர்வரில் இருக்கிறது. ஆனால் மென்பொருள் அதைக் கேட்டால்தான் அது வேலை செய்யும். பல மென்பொருள்கள் கேட்பதில்லை. இடமில்லை என்ற செய்தி வரும், அவ்வளவுதான்; அடுத்த நிமிடம் இடம் காலியானாலும் உங்களை யாரும் கூப்பிடப்போவதில்லை.

ரிசர்வ், மேக்ஸ், இன்க்ளூட்: மூன்றும் வேறு வேறு வாக்குறுதிகள்

ஒரு நிறுவனத்தில் 20 லைசென்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வடிவமைப்புக் குழு, பகுப்பாய்வுக் குழு, பயிற்சியாளர்கள் என மூன்று தரப்பினர். பகுப்பாய்வுக் குழுவுக்கு ஆறு ஒதுக்குங்கள் என்று மேலாளர் சொல்கிறார். நிர்வாகி 6 ரிசர்வ் என்று எழுதுகிறார். பேச்சில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. நடப்பில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

காலை பத்து மணி. பகுப்பாய்வுக் குழுவில் இரண்டு பேர் மட்டும் வேலை செய்கிறார்கள். வடிவமைப்புக் குழுவில் 16 பேருக்கு லைசென்ஸ் வேண்டும். பொதுவில் இருப்பது 14. ஆகவே வடிவமைப்பில் இருவருக்கு மறுப்பு. அதே நேரத்தில் நான்கு லைசென்ஸ் ஆளில்லாமல் கிடக்கிறது. மொத்தம் 20 இருக்க, உண்மையில் வேலை செய்பவர்கள் 16 பேர்தான். "லைசென்ஸ் தீர்ந்துபோச்சு" என்று அந்த இருவரும் சொல்கிறார்கள். தீரவில்லை. அவர்களுக்குத் திறந்திருக்கும் பகுதி தீர்ந்தது.

மறுநாள் நிலைமை தலைகீழ். பகுப்பாய்வுக் குழுவில் ஒன்பது பேர் வருகிறார்கள். ஒதுக்கிய ஆறு போக, இன்னும் மூன்று பேர் பொதுவில் இருந்து எடுத்துக்கொள்கிறார்கள். வடிவமைப்புக் குழுவுக்கு மிஞ்சுவது 11. "அவங்களுக்கு ஆறுதானே கொடுத்தோம், எப்படி ஒன்பது எடுத்தாங்க?" என்ற கோபம் வருகிறது. பகுப்பாய்வுக் குழு எந்த விதியையும் மீறவில்லை. குறைந்தபட்சம் ஆறு கிடைக்கும் என்ற உறுதியைத்தான் ரிசர்வ் தருகிறது. அதிகபட்சம் எத்தனை என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

அதிகபட்சத்தைச் சொல்ல மேக்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு மேக்ஸ் 4 என்று எழுதினால் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் எடுக்க முடியாது. ஆனால் அந்த நான்கு அவர்களுக்காக எடுத்துவைக்கப்படவில்லை. மற்றவர்கள் முந்திக்கொண்டு இருபதையும் எடுத்துவிட்டால் பயிற்சியாளருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. பயிற்சியாளர்கள் வராத நாளில் அத்தனையும் மற்றவர்களுக்கு. மேக்ஸுக்கும் ஒரு விலை உண்டு: சர்வரில் பத்து லைசென்ஸ் சும்மா இருந்தாலும் ஐந்தாவது பயிற்சியாளருக்கு மறுப்புதான்.

மூன்றாவது, இன்க்ளூட். இது எண்ணிக்கையைப் பற்றியதே இல்லை. பட்டியலில் இருப்பவர் கேட்கலாம், மற்றவர் கேட்கவே முடியாது. ஒரு ஃபீச்சருக்கு இன்க்ளூட் வரி ஒன்று எழுதியவுடன், அதில் பெயரில்லாத அத்தனை பேருக்கும் கதவு மூடிவிடும். பகுப்பாய்வுக் குழுவுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு இன்க்ளூட் எழுதினால் மீதி அலுவலகமே நின்றுபோகும். இதன் எதிர்க்கட்டளை எக்ஸ்க்ளூட். இன்னாருக்கு மட்டும் கிடையாது என்று சொல்ல. ஒருவர் பெயர் இரண்டிலும் இருந்தால் எக்ஸ்க்ளூட் சொல்வதுதான் நிற்கும்.

சுருக்கமாக: ரிசர்வ் என்பது கீழ் எல்லை. மேக்ஸ் என்பது மேல் எல்லை. இன்க்ளூட், எக்ஸ்க்ளூட் இரண்டும் அனுமதிப் பட்டியல். 'ஒதுக்கீடு' என்று மேலாளர் சொல்லும்போது இவற்றில் எதை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பங்கு பிரித்தால் ஏன் குறைந்துபோகிறது

இரண்டு குழுக்கள் 20 லைசென்ஸுக்குச் சண்டையிட்டால், ஆளுக்குப் பத்து என்று பிரித்துவிடுவது நியாயமாகத் தோன்றும். மொத்தம் மாறவில்லையே, யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இருவருக்கும்தான். இதைக் கணக்கிட்டே காட்டலாம்.

இந்தக் கணக்குக்கு வயது நூற்றுக்கு மேல். டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இத்தனை தொலைபேசி இணைப்புகள் இருந்தால், அழைப்பவர்களில் எத்தனை பேருக்கு லைன் கிடைக்காமல் போகும் என்பதற்கு 1917இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். லைன் இருந்த இடத்தில் லைசென்ஸை வைத்தால் அதே சூத்திரம் நமக்கும் பொருந்தும்.

தடையே இல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவிலும் சராசரியாக ஒரே நேரத்தில் ஏழு பேர் வேலை செய்வார்கள் என்று கொள்வோம். ஆட்கள் முன்பின்னாக, ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாமல் வருகிறார்கள். மறுக்கப்பட்டவர் அப்போதைக்குப் போய்விடுகிறார் என்பது சூத்திரத்தின் நிபந்தனை. ஆளுக்குப் பத்து என்று பிரித்துவைத்தால், கேட்பவர்களில் சுமார் 7.9 சதவீதம் பேருக்கு மறுப்பு வரும். இருபதையும் பொதுவில் விட்டால் அது சுமார் 3 சதவீதம்தான். ஒரு ரூபாய் கூடச் செலவில்லை, ஒரு லைசென்ஸ் கூட அதிகம் வாங்கவில்லை. மறுப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது.

ஒரு குழுவுக்கு வேலை கூடும் நேரத்தில் மற்றொன்று ஓய்ந்திருக்கும். பொதுவில் இருந்தால் அந்த ஓய்வு இவர்களுக்குப் பயன்படும். நடுவில் சுவர் எழுப்பினால் பயன்படாது. காரணம் இவ்வளவுதான். இரண்டு குழுக்களுக்கும் ஒரே நாளில், ஒரே திட்டத்துக்காக வேலை குவியும் என்றால் இந்த லாபம் வெகுவாகச் சுருங்கும். அப்படிப்பட்ட இடத்தில், எந்தக் குழுவின் வேலை நின்றால் நிறுவனத்துக்கு அதிக இழப்போ அதற்கு இரண்டு மூன்று லைசென்ஸ் ரிசர்வ் செய்வதை நானும் ஏற்பேன். எல்லாவற்றையும் பங்குபோட்டுப் பொதுவில் எதுவும் மிஞ்சாமல் செய்வதைத்தான் ஏற்க முடியாது.

தானாகவே பிரிந்துபோகும் தொகுப்புகள்

யாரும் பிரிக்காமலே பங்கு உண்டாகும் வழியும் ஒன்று உண்டு. ஒரே மென்பொருளை வெவ்வேறு சமயத்தில் வாங்கினால், பதிப்பு மாறுபடலாம். லைசென்ஸ் கோப்பில் இரண்டு வரிகளாக வரும். சர்வர் அவற்றை இரண்டு தனித் தொகுப்புகளாக எண்ணும். கோப்பைப் பார்க்காதவர்கள் 12-ம் 8-ம் சேர்ந்து 20 என்றே நினைப்பார்கள். பழைய பதிப்புக்கான 12-ஐ வைத்துப் புதிய பதிப்பைத் திறக்க முடியாது. எட்டுதான் கைக்கு எட்டும்.

திரும்பி வராத லைசென்ஸ்

பங்கீடு சரியாக இருந்தும் பற்றாக்குறை வருவதற்கு இதுதான் பெரிய காரணம். மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. சர்வருக்கு அவர் உள்ளே இருப்பவர்தான். மென்பொருளும் சர்வரும் குறித்த இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று சைகை பரிமாறிக்கொள்கின்றன. 'ஹார்ட்பீட்' என்று பெயர். வழக்கமான இடைவெளி இரண்டு நிமிடம். ஆள் எழுந்துபோனாலும் மென்பொருள் அந்தச் சைகையை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஆப்ஷன்ஸ் கோப்பில் டைம்அவுட் என்ற கட்டளை உண்டு. குறித்த நேரம் சும்மா இருந்தால் லைசென்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். குறைந்தபட்சம் எத்தனை நிமிடம் என்பதை விற்பனையாளர் நிர்ணயிக்கிறார். 15 நிமிடம் என்பது பல இடங்களில் காணும் எல்லை. மென்பொருள் இதற்கு ஒத்துழைக்க வேண்டும், தான் சும்மா இருப்பதை அது சொல்ல வேண்டும். ஒத்துழைக்காத மென்பொருளில் டைம்அவுட் எழுதினாலும் பலனில்லை.

கணினி திடீரென அணைந்துபோனால் கதை வேறு. மென்பொருள் மட்டும் செயலிழந்து மூடிக்கொண்டால் இணைப்பு அறுந்த செய்தி சர்வருக்குப் போய், லைசென்ஸ் உடனே திரும்பும். மின்சாரமே போய்விட்டால் அந்தச் செய்தியை அனுப்ப ஆளில்லை. இணைப்பு செத்ததைச் சர்வர் தானாக உணர நெடுநேரம் பிடிக்கலாம். லினக்ஸில் இதற்கான வழக்கமான அமைப்பு இரண்டு மணி நேரம். அதுவரை இல்லாத ஒருவர் பெயரில் ஒரு லைசென்ஸ் நிற்கும். எல்எம்ரிமூவ் என்ற கட்டளையால் நிர்வாகி அதை விடுவிக்கலாம்.

லைசென்ஸை மடிக்கணினியில் வெளியூர் கொண்டுபோக 'பாரோ' என்ற வசதியும் உண்டு. குறித்த நாள்வரை மற்றவர்களுக்குச் சர்வரில் ஒரு லைசென்ஸ் குறைவாகவே இருக்கும். மடிக்கணினி தொலைந்தால் அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நீங்கள் யார் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கணினி சொல்வதை வைத்துத்தான். விண்டோஸிலோ லினக்ஸிலோ நீங்கள் உள்நுழைந்த பயனர் பெயர், கணினியின் பெயர் இரண்டும் சர்வருக்குப் போகின்றன. அதைத்தான் ஆப்ஷன்ஸ் கோப்பில் இருக்கும் குழுப் பட்டியலோடு அது ஒப்பிடுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால்கூட வழக்கமாக வேறு ஆளாகத்தான் கொள்ளும். புதிதாகச் சேர்ந்தவரைப் பட்டியலில் சேர்க்க மறந்தால் ரிசர்வ் அவருக்குக் கிடைக்காது. இன்க்ளூட் இருந்தால் எதுவுமே கிடைக்காது. கோப்பைத் திருத்திய பிறகு சர்வரை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழைய விதியே ஓடிக்கொண்டிருக்கும்.

மறுப்பு வந்தால் எதைப் பார்ப்பது

மென்பொருள் காட்டும் பிழைச் செய்தியில் ஒரு எண் இருக்கும். பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. மைனஸ் 4 என்றால் எண்ணிக்கை நிரம்பிவிட்டது. மைனஸ் 15 என்றால் சர்வரையே அடைய முடியவில்லை. நெட்வொர்க், ஃபயர்வால், அல்லது சர்வர் நின்றிருப்பது. மைனஸ் 39 என்றால் இன்க்ளூட் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. மைனஸ் 87 என்றால் மேக்ஸ் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். இந்த நான்கில் சர்வரை ரீஸ்டார்ட் செய்வதால் சரியாக வாய்ப்புள்ளது மைனஸ் 15 மட்டும்தான், அதுவும் சில வேளைகளில்.

நிர்வாகிக்கு எல்எம்ஸ்டாட் என்ற கட்டளை இருக்கிறது. இந்த நொடியில் யார் எதை எப்போதிலிருந்து வைத்திருக்கிறார் என்று காட்டும். ரிசர்வ் செய்தவை தனி வரியாக வரும். நேற்று மாலை தொடங்கிய பெயர் ஒன்று இன்று காலையும் நின்றால் அது டைம்அவுட் விவகாரம். ரிசர்வ் வரிகள் நாள் முழுக்கக் குறையாமல் நின்றால் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம். அத்தனை வரியிலும் இன்று காலை வந்த உண்மையான பெயர்கள் இருந்தால் மட்டுமே கூடுதலாக வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

பழைய நிலவரத்துக்கு சர்வரின் பதிவுக் கோப்பு இருக்கிறது. எடுத்தது, திருப்பியது, மறுத்தது மூன்றும் நேரத்தோடு அதில் பதிவாகும். மறுப்பு வரிகளை அப்படியே கூட்டிப் பற்றாக்குறை இவ்வளவு என்று நிர்வாகத்திடம் காட்டிவிடாதீர்கள். கிடைக்காத ஒருவர் பத்து முறை முயன்றால் பத்து வரி விழும். இரண்டு தொகுப்பு இருக்கும் இடத்தில், முதலாவதில் மறுப்பு விழுந்து, அதே நொடியில் இரண்டாவதில் கிடைத்தும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு மறுப்புக்கும் பிறகு அதே பெயருக்கு எடுத்த வரி வந்ததா, வந்திருந்தால் எத்தனை நிமிடம் கழித்து என்று பாருங்கள். அந்த நிமிடங்களைக் கூட்டினால்தான் உங்கள் அலுவலகத்தில் மனிதர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பது தெரியும்.